உறைந்த பெர்ரிகளில் வீட்டுப் பழ சாஸ்: கோலார் திராட்சையும் நாவலும் போதும், ஒரு நிமிடக் கொதி கட்டாயம்

கோலார் தங்கவயல்: ஐஸ்கிரீம், கேக், தயிர் ஆகியவற்றின் மீது ஊற்றிச் சாப்பிடும் பழ சாஸை உறைந்த பெர்ரிப் பழங்கள், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கொண்டு வீட்டு அடுப்பிலேயே பதினைந்து நிமிடங்களில் தயாரித்துவிடலாம். பெங்களூரு பேரங்காடிகளில் கிடைக்கும் இறக்குமதி புளூபெர்ரி, ராஸ்பெர்ரி பொட்டலங்கள் இதற்குக் கட்டாயம் தேவை என்பதும் இல்லை. கோலார், சிக்கபள்ளாப்பூர் மாவட்டங்களில் விளையும் கருந்திராட்சை, மழைக்காலத் தொடக்கத்தில் சந்தைக்கு வரும் நாவல், பட்டுப்புழு வளர்ப்புக்காக நடப்பட்ட மல்பெரிச் செடியின் பழம் ஆகிய மூன்றும் உறைய வைக்கவும் சாஸ் காய்ச்சவும் ஏற்றவை. எந்தப் பழமாக இருந்தாலும் அதை நன்றாகக் கொதிக்க வைத்தே பயன்படுத்த வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. அதற்கான காரணம் பலரும் அறியாதது.

உறைபெட்டியில் வைத்துவிட்டால் கிருமிகள் மடிந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிர் பாக்டீரியாக்களின் பெருக்கத்தை நிறுத்துகிறதே தவிர, எல்லாவற்றையும் கொல்வதில்லை. நோரோ வைரஸ், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் ஆகியவை அந்தக் குளிரில் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் இருக்கக் கூடியவை. 2012ஆம் ஆண்டு ஜெர்மனியின் கிழக்கு மாநிலங்களில் ஏறத்தாழ 11,000 பேர், பெரும்பாலும் பள்ளி மாணவர்கள், வாந்தி வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டனர். சீனாவிலிருந்து வந்த உறைந்த ஸ்ட்ராபெர்ரிகளே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. மறு ஆண்டு அமெரிக்காவில் உறைந்த பெர்ரிக் கலவை ஒன்றைச் சாப்பிட்ட 160க்கும் மேற்பட்டோருக்கு ஹெபடைடிஸ் ஏ பரவியது. அந்தக் கலவையில் சேர்க்கப்பட்டிருந்த, துருக்கியில் விளைந்த மாதுளை முத்துகளிலிருந்து அது வந்ததாகக் கண்டறியப்பட்டது.

பெர்ரிப் பழங்கள் கையால் பறிக்கப்படுபவை. தோல் உரிக்கப்படுவதில்லை. மென்மையானவை என்பதால் அழுத்தித் தேய்த்துக் கழுவவும் முடியாது. பறிப்பவரின் கையிலோ பாசன நீரிலோ மாசு இருந்தால் அது பழத்தோடு உறைந்து அப்படியே சமையலறைக்கு வந்து சேர்கிறது. இதனால்தான் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இறக்குமதியான உறைந்த பெர்ரிகளை ஒரு நிமிடம் கொதிக்க வைத்த பிறகே உண்ணும்படி தன் நாட்டு மக்களுக்கு அறிவுறுத்தி வருகிறது. ஹெபடைடிஸ் ஏ வைரஸ் செயலிழக்க 85 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் தங்கவயலில் தண்ணீர் 97 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்றாலும், தேவையான அளவை அது எளிதாகத் தாண்டிவிடுகிறது. உறைந்த பழத்தை நேரடியாக மிக்சியில் அடித்து ஸ்மூத்தியாகக் குடிப்பதைக் காட்டிலும் சாஸாகக் காய்ச்சுவது பாதுகாப்பானது என்பதற்கு இதுவே அடிப்படை.

பெர்ரி எது, எது இல்லை

கடைக்காரர் சொல்லும் பெர்ரியும் தாவரவியல் சொல்லும் பெர்ரியும் ஒன்றல்ல. ஒரே பூவின் ஒரே சூலகத்திலிருந்து உருவாகி, தோல் முதல் உள்ளே வரை சதைப்பற்றாக இருக்கும் கனியைத்தான் தாவரவியலாளர்கள் பெர்ரி என்று வகைப்படுத்துகின்றனர். அந்தக் கணக்கில் ஸ்ட்ராபெர்ரியும் ராஸ்பெர்ரியும் மல்பெரியும் பெர்ரிகள் அல்ல. புளூபெர்ரி பெர்ரிதான். திராட்சையும் பெர்ரி. தக்காளியும் பெர்ரி. ஆசியாவின் மிகப்பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்றைக் கொண்டுள்ள கோலார் மாவட்டம், அந்த வகையில் பார்த்தால் பெர்ரிகளின் மாவட்டம் என்று சொல்லிக்கொள்ள முழு உரிமை உள்ளது. தக்காளி சாஸ் பற்றி ஏற்கெனவே போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டதால் இங்கு இனிப்புப் பழங்களை மட்டும் பார்க்கலாம்.

இவற்றில் முதலிடம் பெங்களூரு நீலத் திராட்சைக்கு உரியது. உள்ளூரில் வெறுமனே கருந்திராட்சை என்று அழைக்கப்படும் இது, பெங்களூருவைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் நெடுங்காலமாகப் பயிராகிறது. 2013ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தேனி மாவட்டத்தின் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் அதே குறியீடு வழங்கப்பட்டதால் இரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் உண்டு. கம்பத்தில் விளைவது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பியக் கலப்பினம். பெங்களூரு நீலமோ அமெரிக்கத் திராட்சைக் குலத்தைச் சேர்ந்தது. தடித்த தோல், விரலால் அழுத்தினால் தோலை விட்டு முழுதாக வழுக்கி வெளியேறும் சதை, தூக்கலான மணம், புளிப்பு ஆகியன அதன் அடையாளங்கள். மேசைப் பழமாகச் சாப்பிடச் சிலர் முகம் சுளிக்கும் இந்தக் குணங்களே சாறு, ஜாம், ஒயின் ஆகியவற்றுக்கு அதைத் தகுதியாக்குகின்றன. தோலில் நிறமும் பெக்டினும் நிறைந்திருப்பதால் சாஸ் தானாகவே கெட்டிப்படும்.

சுரங்கக் குடியிருப்புகளின் சமையலறைகளுக்கு இந்தத் திராட்சை புதிதல்ல. கிறிஸ்துமஸுக்கு முன்பே பழத்தைப் பிழிந்து பீங்கான் ஜாடியில் ஊற வைத்து ஒயின் தயாரிப்பது தங்கவயலின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் வழக்கம். தங்கவயலில் பிறந்து வளர்ந்த பிரிட்ஜெட் வைட்-குமார் எழுதிய சமையல் நூல்கள் அந்த உணவு மரபைப் பதிவு செய்துள்ளன. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்கத்தைக் கையில் எடுத்த பிறகு இங்கு வந்த ஆங்கிலேயர்களும், வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ், தெலுங்குத் தொழிலாளர்களும் சேர்ந்து உருவாக்கிய ஊர் இது. கேக்கும் கொழுக்கட்டையும் ஒரே தெருவில் வேகும்.

நாவல் இரண்டாவது. ஜூன், ஜூலை மாதங்களில் சில வாரங்கள் மட்டுமே கிடைக்கும் பழம். பறித்த ஓரிரு நாட்களில் கசிந்து புளித்துவிடும் என்பதால், உறைய வைப்பதன் பயன் நாவலில்தான் முழுமையாகத் தெரிகிறது.

மூன்றாவதான மல்பெரி தமிழில் முசுக்கொட்டை. கன்னடத்தில் நாவலுக்கு நேரளே என்று பெயர்; மல்பெரியை ஹிப்பு நேரளே என்கின்றனர். நிறம் கண்டு வைத்த பெயராக இருக்கலாம். கோலார் பட்டு உற்பத்திக்குப் பெயர் பெற்ற மாவட்டம் என்பதால் மல்பெரித் தோட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவை இலைக்காக வளர்க்கப்படுபவை. குறிப்பிட்ட இடைவெளியில் கவாத்து செய்யப்படுவதால் பழத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. வரப்பு ஓரத்திலும் வீட்டு முற்றத்திலும் மரமாக வளர விடப்பட்டவற்றில்தான் நல்ல பழம் கிடைக்கிறது. தோட்டத்திலிருந்து பறிப்பதாக இருந்தால், அண்மையில் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டதா என்று உரிமையாளரைக் கேட்ட பிறகே பறிக்க வேண்டும்.

உறைய வைக்கும் முறை

தொழிற்சாலைகளில் பழங்களைக் கடுங்குளிர்க் காற்றில் தனித்தனியாகச் சில நிமிடங்களில் உறைய வைக்கின்றனர். வீட்டு உறைபெட்டியில் அதே வேலைக்குப் பல மணி நேரம் பிடிக்கும். மெதுவாக உறையும்போது பழத்தினுள் இருக்கும் நீர் பெரிய பனிப் படிகங்களாகி உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிடும். உருகிய பின் பழம் துவண்டு சாறு விடுவதன் காரணம் இதுதான். பழத்தை அப்படியே சாப்பிட விரும்புவோருக்கு இது குறை. சாஸ் காய்ச்சுவோருக்கோ பாதி வேலை முடிந்தது போல. அடுப்பில் ஏற்றியதும் சாறு தானே இறங்கிவிடும், தண்ணீர் ஊற்றத் தேவையில்லை.

காம்பு நீக்கிய பழத்தைக் குடிநீரில் அலசி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்த வேண்டும். பின்னர் ஒன்றன்மேல் ஒன்று படாமல் எவர்சில்வர் தட்டில் பரப்பி இரவு முழுவதும் உறைபெட்டியில் வைத்து, மறுநாள் காற்றுப்புகாத பையில் மாற்றி, தேதி எழுதி வைக்கலாம். ஈரத்துடன் மொத்தமாகப் பையில் போட்டால் மறுநாள் செங்கல் போன்ற ஒரே கட்டிதான் கிடைக்கும். நாவலை இப்படி உறைய வைத்துவிட்டால், பிறகு உருகும்போது கொட்டையிலிருந்து சதை சுலபமாகப் பிரிந்து வரும்.

கடையில் வாங்குவோர் பொட்டலத்தைக் கையால் தடவிப் பார்ப்பது நல்லது. பழங்கள் தனித்தனியாக உருண்டால் சரி. ஒரே பாளமாக இறுகியிருந்தால் வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், இறக்குமதியாளர் முகவரி, சர்க்கரை சேர்க்கப்பட்டதா என்ற விவரம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

தங்கவயல்வாசிகளுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, மாரிகுப்பத்தில் தொடங்கி பங்காரப்பேட்டை வழியாகச் செல்லும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் தினமும் பெங்களூருவுக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். மாலையில் அங்கு வாங்கிய உறைந்த பொட்டலம் சுமார் 100 கிலோமீட்டர் பயணத்தில் உருகத் தொடங்கிவிடும். தடித்த நாளிதழில் பல சுற்று சுற்றி, வெப்பம் புகாத பையில் கொண்டு வந்தால் ஓரளவு தாங்கும். வீடு சேரும்போது உருகியிருந்தால் அதை மீண்டும் உறைபெட்டிக்குள் தள்ளாமல் அன்றிரவே சாஸாகக் காய்ச்சிவிடுவதே சரி. காய்ச்சிய சாஸை ஆற வைத்து உறைய வைப்பதில் தவறில்லை.

மின்தடை ஏற்படும் நாட்களுக்கும் ஒரு கணக்கு உள்ளது. காவிரியின் சிவனசமுத்திரம் அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து 1902ஆம் ஆண்டிலேயே மின்சாரம் கொண்டு வரப்பட்ட ஊர் தங்கவயல். ஆனாலும் மின்தடைக்கு இந்த ஊரும் விலக்கல்ல. நிறைந்திருக்கும் உறைபெட்டியைத் திறக்காமல் வைத்தால் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரமும் உறைநிலை தாங்கும் என்பது பொதுவான வழிகாட்டுதல். பொருள் உருகிவிட்டதா என்று அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் அதைச் சீக்கிரம் உருக்குகிறது.

காய்ச்சும் முறை

அரை கிலோ உறைந்த பழத்துக்கு 100 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு என்பது அடிப்படை அளவு. புளிப்பான கருந்திராட்சைக்குச் சர்க்கரையை 125 கிராம் வரை கூட்டலாம். இனிப்பு மிகுந்து புளிப்பு குறைந்த மல்பெரிக்கு 75 கிராம் போதும். அதற்கு எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி தேவைப்படும். மல்பெரியிலும் புளூபெர்ரியிலும் சாஸ் கெட்டியாக வேண்டுமானால் ஒன்றரைத் தேக்கரண்டி கார்ன்பிளவர் சேர்க்கலாம். மளிகைக் கடையில் சோளமாவு என்று கேட்டால் மஞ்சள் நிற மக்காச்சோள மாவையோ வெள்ளைச் சோள மாவையோ எடுத்துத் தந்துவிடக் கூடும். இங்கு வேண்டியது விரலிடையே தேய்த்தால் சரசரக்கும் தூய வெள்ளை மாவுச்சத்து.

பாத்திரம் அடிகனமான எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியப் பாத்திரத்தைப் பழ அமிலம் அரிக்கும். இரும்புக் கடாயில் நாவலைக் காய்ச்சினால் அதன் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து சாஸ் மை போலக் கறுத்துவிடும், சுவையும் கெடும்.

உறைந்த பழத்தை உருக்காமல் அப்படியே பாத்திரத்தில் இட்டு, சர்க்கரையையும் உப்பையும் தூவி, சிறு தீயில் மூடி வைக்க வேண்டும். ஐந்து நிமிடங்களில் பழம் சாற்றில் மிதக்கும். மூடியை எடுத்துத் தீயைக் கூட்டி, விளிம்பில் மட்டுமன்றி நடுவிலும் குமிழிகள் எழும்பிக் கொதிக்கும்வரை கிளற வேண்டும். அந்தக் கொதி ஒரு நிமிடமாவது நீடிக்க வேண்டும். நடுவில் உறைந்த கட்டி எதுவும் இல்லாத பிறகே நிமிடத்தை எண்ணத் தொடங்க வேண்டும். அதன் பின் தீயைக் குறைத்து ஐந்து முதல் எட்டு நிமிடங்கள் சுண்ட விடலாம்.

கார்ன்பிளவர் சேர்ப்பதாக இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து இந்தக் கட்டத்தில் ஊற்ற வேண்டும். சூடான சாஸில் மாவை நேரடியாகத் தூவினால் வெளிப்புறம் வெந்து உள்ளே பச்சையாக உருண்டைகள் திரளும். மாவுச்சத்து 65 டிகிரி அளவில் நீரை உறிஞ்சி வீங்கத் தொடங்குகிறது. கொதிநிலையை நெருங்கும்போதுதான் முழுமையாகக் கெட்டிப்படுகிறது. பச்சை வாசனையும் அப்போதுதான் நீங்கும். கலங்கலாக இருந்த சாஸ் பளபளவென்று தெளிவதே அதற்கு அடையாளம்.

எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுவது நல்லது. மிகுந்த புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் மாவுச்சத்து சிதைந்து சாஸ் மீண்டும் நீர்த்துப்போகும். சாறு விழுந்ததும் மங்கிய ஊதா நிறம் பளிச்சென்று சிவப்பாக மாறுவதைக் காணலாம். ஆந்தோசயனின் என்ற நிறமி அமிலத்தில் சிவப்பாகவும், காரத்தன்மையில் நீலமாகவும் தோன்றுவதால் இது நிகழ்கிறது. உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரைச் சேர்த்தால் நிறம் மங்குவதும் இதனாலேயே.

கருந்திராட்சைக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. பாதி உருகிய பழத்தைப் பிதுக்கித் தோலைத் தனியாகவும் சதையைத் தனியாகவும் பிரித்துக்கொள்ள வேண்டும். சதையை முதலில் வேக வைத்து மசித்து, கம்பி வடிகட்டியில் தேய்த்து விதைகளை நீக்கிவிட்டு, அந்தக் கூழில் தோலைச் சேர்த்துக் காய்ச்சினால் நிறமும் மணமும் முழுதாக இறங்கும். விதையோடு மிக்சியில் அரைத்தால் கசந்துவிடும். நாவலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சாஸ் வேறு, ஜாம் வேறு

அடுப்பிலிருந்து இறக்கும்போது சாஸ் சற்று நீர்த்தே இருக்கும். கரண்டியின் பின்புறத்தில் படிந்து, விரலால் கோடிழுத்தால் கோடு மறையாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. ஆறியதும் மேலும் கெட்டியாகும். ஜாம் போல இறுகும்வரை காய்ச்சினால் ஆறிய பிறகு கரண்டி இறங்காது.

இங்குதான் பலர் ஏமாறுகின்றனர். இந்திய விதிகளின்படி ஜாமில் கரையும் திடப்பொருள், அதாவது பெரும்பாலும் சர்க்கரை, குறைந்தது 65 சதவீதம் இருக்க வேண்டும். அவ்வளவு சர்க்கரை நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பூஞ்சைக்கும் ஈஸ்ட்டுக்கும் வளர வழியில்லை. மேற்சொன்ன சாஸில் சர்க்கரை அதில் பாதியளவுகூட இராது. ஊறுகாய் ஜாடி போல அலமாரியில் வைத்தால் சில நாட்களில் நுரைத்துப் புளிக்கும். இறுக மூடிய கண்ணாடிப் புட்டி வாயு அழுத்தத்தில் வெடிக்கவும் கூடும். கொதிநீரில் அலசி உலர்த்திய புட்டியில் ஊற்றி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஈரக் கரண்டி, எச்சில் கரண்டி இரண்டும் ஆகாது. அதிகமாகக் காய்ச்சியவர்கள் ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்து, தேவைப்படும்போது இரண்டு மூன்று கட்டிகளை எடுத்துச் சூடாக்கிக் கொள்ளலாம். மூன்று மாதம் வரை சுவை கெடாது.

வீட்டில் காய்ச்சியதைக் கடைக்கோ அண்டை வீட்டாருக்கோ விற்க எண்ணுவோருக்கு இந்த வேறுபாடு இன்னும் முக்கியமானது. சுரங்கம் மூடப்பட்ட பின் வீட்டிலிருந்தே வருவாய் தேடும் பெண்கள் உள்ள ஊரில் இத்தகைய எண்ணம் எழுவது இயல்பு. சிறிய அளவில் விற்றாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்வது கட்டாயம். குளிர்சங்கிலி இல்லாத நிலையில் குறைந்த சர்க்கரை சாஸை விற்பதைவிட, விதிப்படியான ஜாம் செய்து விற்பது ஆபத்து குறைந்த வழி. 2020ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் தொழில் நிறுவனங்கள் முறைப்படுத்தல் திட்டத்தில், தகுதியான திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை கடனுடன் இணைந்த மானியத்துக்கு வழி செய்யப்பட்டது. விண்ணப்பிக்கும் முன் தற்போதைய விதிகளை மாவட்டத் தொழில் மையத்திலோ வேளாண் துறை அலுவலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் குறைத்துக் காய்ச்சலாம். கெட்டித்தன்மைக்குக் கார்ன்பிளவர் உதவும் என்றாலும், அதுவும் மாவுச்சத்துதான் என்பதை மறக்கக் கூடாது. சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்ப்பவர்கள் அதை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது. தேனிலுள்ள நுண்ணுயிர் வித்துகள் அந்த வயதுக் குழந்தைகளுக்குக் கடும் நச்சுப் பாதிப்பை உண்டாக்கக் கூடும். வீட்டுக் கொதியில் அவை அழிவதில்லை.

வடிகட்டியில் தங்கும் திராட்சைச் சக்கையையும் வீணாக்க வேண்டியதில்லை. அரை லிட்டர் நீரில் ஒரு துண்டு பட்டையுடன் பத்து நிமிடம் கொதிக்க வைத்து வடித்து, சிறிது வெல்லம் கரைத்துக் குளிர வைத்தால் நான்கு பேருக்குப் பானகம் போன்ற பானம் கிடைக்கும். அதை அன்றே குடித்துவிட வேண்டும்.